செவீயாவின் புனித வாரம்: படிக்கப் போன இடத்தில் ஊர்வலம் பார்ப்பது எப்படி?

ஸ்பெயினின் செவீயா நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் முழுக்க வகுப்பு கிடையாது. உடன் படிக்கிறவர்கள் லிஸ்பனுக்கும் மொராக்கோவுக்கும் டிக்கெட் போடுகிறார்கள். ஊரிலேயே இருந்து புனித வார ஊர்வலங்களைப் பார்க்கலாமா, கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் போய் நின்றால் தப்பாக நினைப்பார்களா, அந்தக் கூம்பு முகமூடிக்காரர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரிலேயே இருங்கள். லிஸ்பன் எங்கேயும் ஓடிப்போய்விடாது. நான் அங்கே முதுகலை படித்தது ஒரே ஒரு வருடம்தான். ஆனால் படிப்பு முடிந்த பிறகும் இரண்டு முறை, அந்த வாரத்துக்காகவே லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

முகமூடி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாருக்கும் அங்கேதான் உறுத்துகிறது. அமெரிக்காவின் கு கிளக்ஸ் கிளான் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உருவம் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. அந்த இனவெறிக் கும்பலுக்கு அப்படி ஒரு சீருடை நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஸ்பெயினின் கூம்பு அதற்குப் பல நூறு ஆண்டுகள் மூத்தது. மத விசாரணை மன்றங்கள் தண்டித்தவர்களின் தலையில் அட்டைக் கூம்பை மாட்டி ஊர் பார்க்க நடத்திச் செல்வது அந்தக் காலத்து வழக்கம். தவம் செய்கிறவர்கள் அந்த அவமானச் சின்னத்தைத் தாங்களாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். முகத்தை மூடுவது, பாவத்துக்கு வருந்துகிறவர் யார் என்று அக்கம்பக்கம் தெரிந்துகொள்ளாமல் இருக்க. கூம்புக்குக் கப்பிரோத்தே என்று பெயர், அதை அணிந்தவர் நசரேனோ. வெள்ளை மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். கறுப்பு, ஊதா, நீலம், பச்சை வெல்வெட் என்று ஊர்வலம் நடத்தும் ஒவ்வொரு சகோதர சபைக்கும் ஒரு நிறம் உண்டு.

அந்தத் துணிக்குள் இருப்பது யார் தெரியுமா? ஜெராக்ஸ் கடைக்காரர், பல் டாக்டர், உங்கள் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் தூங்கும் பையன். பெண்களும் இருப்பார்கள். சில பழைய சபைகள் ரொம்ப நாள் பெண்களைச் சேர்க்காமல் பிடிவாதம் பிடித்தன, 2011ல் பேராயர் ஓர் ஆணை போட்டு அதை முடித்துவைத்தார். குழந்தைகளுக்கு இவர்களிடம் துளியும் பயம் கிடையாது. ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய் மிட்டாய் கேட்பார்கள், சாமி படம் கேட்பார்கள், அப்புறம் மெழுகு கேட்பார்கள். கையில் அலுமினியத் தாளைச் சுருட்டிய ஓர் உருண்டையை நீட்டுவார்கள். முகமூடிக்காரர் தன் நீளமான மெழுகுவர்த்தியைச் சாய்த்து அதன் மேல் சொட்டுச் சொட்டாக விடுவார். வருடா வருடம் அதே உருண்டையைக் கொண்டுவந்து பெரிதாக்கிக்கொண்டே போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியின் உருண்டை சாத்துக்குடி அளவு இருந்தது. அதை அவள் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

இனி ஊர்வலம் எப்படி அமைந்திருக்கும் என்று சொல்கிறேன், இது தெரியாமல் போனால் மூன்று மணி நேரம் நின்றும் ஒன்றும் புரியாது. குருத்து ஞாயிறு தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் ஏறக்குறைய 60 சகோதர சபைகள், எர்மந்தாத் என்பார்கள், தத்தம் கோயிலிலிருந்து கிளம்பிப் பேராலயத்துக்குப் போய்த் திரும்புகின்றன. எல்லாரும் பேராலயத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற விதியைக் கர்தினால் நீன்யோ தே கெவாரா 1604ல் போட்டார். முன்னால் ஒரு சிலுவை வரும். பின்னால் இரண்டு வரிசையாக நசரேனோக்கள், நூற்றுக்கணக்கில், பெரிய சபை என்றால் ஆயிரக்கணக்கில். அப்புறம் தூபம், பீடச் சிறுவர்கள், சப்பரம். சப்பரத்துக்கு பாசோ என்று பெயர். பெரும்பாலான சபைகளுக்கு இரண்டு பாசோ உண்டு. முதலாவதில் பாடுபடும் இயேசு, இரண்டாவதில் வியாகுல மாதா. மாதாவின் சப்பரத்துக்கு மேலே 12 வெள்ளித் தூண்கள் தாங்கிய வெல்வெட் விதானம் இருக்கும். நடக்கும்போது விதானத்தின் தொங்கல்கள் தூண்களில் மோதிக் கிணுகிணுவென்று ஒரு சத்தம் வரும். தெருமுனையில் மாதா திரும்புவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டுவிடும்.

கால அட்டவணையில் சிலுவை வரும் நேரம் ஒன்று, மாதா வரும் நேரம் ஒன்று என இரண்டு போட்டிருப்பார்கள். முதல் வருடம் நான் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் போய் நின்றேன். பெரிய சபையில் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் கூட ஓடிவிடும்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? எல்லாரும் மேலே பார்ப்பார்கள். சுரூபத்தையும் பூவையும் மெழுகுவர்த்தியையும் படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் குனிந்து கீழே பாருங்கள். சப்பரத்தின் நான்கு பக்கமும் கிட்டத்தட்ட தரை வரை வெல்வெட் திரை தொங்கும். அதன் ஓரத்துக்கு அடியில் துணிச் செருப்பு போட்ட பாதங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். சக்கரம் கிடையாது. ஒரு டன், இரண்டு டன் எடையை முப்பது நாற்பது பேர் உள்ளே இருட்டில் சுமக்கிறார்கள், தோளில் இல்லை, கழுத்தின் பின்புற எலும்பில். சும்மாடு மாதிரி ஒரு சாக்குத் துணியைத் தலையில் கட்டி, அதன் சுருளைப் பிடரியில் வைத்துக் குறுக்குக் கட்டையைத் தாங்குகிறார்கள். அந்தத் துணிக்குக் கொஸ்தால் என்று பெயர், அதனால் இவர்கள் கொஸ்தலேரோ. அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னால் நடக்கும் கப்பதாஸ் என்கிற மேஸ்திரியின் குரல்தான் கண்.

ஒரு முறை குறுகலான ஒரு சந்தில், சப்பரம் சரியாக என் முன்னால் இறங்கி நின்றது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கை நீட்டினால் வெல்வெட்டைத் தொடலாம். உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் சத்தமும் வியர்வை வாடையும் வந்தது, மேலே இருந்து தூபமும் ஆரஞ்சுப் பூ மணமும். ஒருவர் திரையைத் தூக்கி ஒரு தண்ணீர்க் குவளையை உள்ளே நீட்டினார், அது காலியாகி வெளியே வந்தது. கப்பதாஸ் குனிந்து, சப்பரத்தின் முன்பக்கச் சல்லடை வேலைப்பாட்டில் வாயை வைத்து உள்ளே இருப்பவர்களிடம் பேசினார். அந்தத் தெருவில் யாரோ ஒருவரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், இந்தத் தூக்கல் அவருக்காக. நிமிர்ந்து, முகப்பில் இருக்கும் உலோகத் தட்டியைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே கால்கள் நகர்ந்து இடம் பார்த்துக்கொண்டன. கடைசித் தட்டு விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். இரண்டு டன் எடை ஒரு நொடி காற்றில் நின்று, பிடரியில் வந்து விழுந்தது. மெழுகுவர்த்திகள் எல்லாம் நடுங்கின. எனக்கு முன்னால் நின்ற வயதான பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த அம்மாவின் வீட்டுக்காரரோ என்னவோ, பக்கத்து வாசலில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நீங்கள் மாணவர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தச் சுமைக்காரர்கள் ஒரு காலத்தில் கூலிக்கு வந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சந்தையில் சுமக்கிறவர்கள். எழுபதுகளில் துறைமுகத்தில் இயந்திரம் வந்தது, ஆள் குறைந்தது, கூலி ஏறியது. சப்பரத்தைத் தூக்க ஆளே கிடைக்காமல் போய்விடுமோ என்று சபைகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன. அப்போது, 1973ல், காசு வாங்காமல் நாங்களே தூக்குகிறோம் என்று முதலில் இறங்கியது ஒரு மாணவர் கூட்டம். பல்கலைக்கழகத்துக்கே ஒரு சகோதர சபை இருக்கிறது, ஊரில் அதை லோஸ் எஸ்துதியாந்தேஸ், அதாவது மாணவர்கள் என்றே கூப்பிடுவார்கள். 1924ல் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. தூக்கிப் பழக்கமில்லாத படித்த பையன்கள் நடுவழியில் போட்டுவிடுவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. போடவில்லை. இன்றைக்கு ஊரில் கூலிக்குத் தூக்குகிற வழக்கமே இல்லை, ஒவ்வொரு சபையிலும் இடம் கிடைக்க இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தச் சபை வெளியே வருவது செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்திலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசுப் புகையிலைத் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது அது. பரீட்சைக் கட்டணம், சான்றிதழ் என்று நீங்கள் அலைந்துகொண்டிருக்கப் போகும் அதே வாசல். அன்றைக்கு அதன் வழியாகக் கறுப்பு அங்கிகள் சத்தமில்லாமல் வரும். சிலுவையில் தொங்கும் இயேசுவின் சுரூபத்தை ஹுவான் தே மேசா என்ற சிற்பி 1620ல் செதுக்கினார். அதே ஆண்டு அவர் செய்த இன்னொரு சுரூபம்தான் ஊரே உருகும் கிரான் போதேர், சிலுவையைச் சுமந்து நடக்கும் இயேசு. பாவம், ரொம்ப காலம் அது அவருடைய குருநாதர் கைவேலை என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதே செவ்வாய்க்கிழமை நேரம் ஒத்துவந்தால் சான் எஸ்தெபான் கோயில் வாசலையும் பாருங்கள். அந்தக் கல் வாசல் மேலே கூராக ஒடுங்கும். விதானத்தோடு மாதாவின் சப்பரம் அதற்குள் நுழைய வழியே இல்லை என்று சத்தியம் செய்வீர்கள். கொஸ்தலேரோக்கள் தவழாத குறையாகத் தாழ்ந்து, கப்பதாஸின் ஒவ்வொரு சொல்லுக்கும் விரற்கடை விரற்கடையாக நகர்ந்து வெளியே கொண்டுவருவார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியே வந்ததும் கைதட்டல் தெருவைத் தூக்கும்.

கைதட்டல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கே தட்டலாம், எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அங்கே உண்மையான பாடம். பேண்டு வாத்தியம் வைத்து, மேலங்கி பறக்க வரும் சபைகளில் தட்டலாம், கூப்பிடலாம், மாதாவைப் பார்த்து "அழகி" என்று கத்தலாம். பால்கனியிலிருந்து பூவிதழைக் கொட்டுவார்கள். கறுப்பு அங்கி, கோரைப்புல் இடுப்புப் பட்டை, வாத்தியம் இல்லாமல் வருகிற சபைகளில் இருமல் வந்தால்கூட அடக்க வேண்டும். நான் இதை அடிபட்டுக் கற்றேன். பெரிய வியாழன் இரவு முழுக்க, வெள்ளி விடிந்து மதியம் வரை ஆறு சபைகள் தெருவில் இருக்கும். மத்ருகா என்று அதற்குப் பெயர். அவற்றில் ஒன்றின் பெயரே எல் சிலென்சியோ, மௌனம். தெரு விளக்கை அணைத்திருந்தார்கள். இரவு ஒன்றரை மணி, அதாவது நம் நாட்டில் விடியற்காலை ஐந்து, அம்மா எழுந்து காபி போடும் நேரம். போன் அடித்தது. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அணைப்பதற்குள் ஒரு சினிமாப் பாட்டின் பல்லவி முழுதாக முடிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. இருட்டில் நூறு முகங்கள் திரும்பிப் பார்த்தன, அது போதாதா? ஒரு நசரேனோவின் முகமூடித் துளைகளும் என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது, மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

மத்ருகாவுக்குத் தூங்கிவிட்டுப் போங்கள். அந்த இரவில் நிலா எப்போதுமே முழுசை ஒட்டித்தான் இருக்கும், ஈஸ்டர் தேதியே வசந்தத்தின் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடுவதால். ஆறு சபைகளையும் துரத்த வேண்டாம். கிரான் போதேர் வருவதை ஏதாவது ஒரு சிறிய தெருவில் நின்று பாருங்கள், அவ்வளவு பெரிய கூட்டம் ஒரு சத்தமும் இல்லாமல் நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. அப்புறம் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, விடிந்த பிறகு, அந்த ஆறில் ஒன்றான மகரேனா சபையின் மாதா தன் பேட்டைக்குத் திரும்புவதைப் பாருங்கள். நள்ளிரவில் கிளம்பிய மாதா வெள்ளி மதியம்தான் வீடு சேர்வார். மார்பில் ஐந்து பச்சைக்கல் பூக்கள் மின்னும், அவை ஹோசெலித்தோ என்ற காளைச் சண்டை வீரர் கொடுத்தவை. 1920ல் அவரைக் காளை குத்திக் கொன்றபோது இந்த மாதாவுக்குக் கறுப்பு உடுத்தித் துக்கம் காத்தார்கள். திரும்பும் வழியில் யாராவது பால்கனியிலிருந்து சாயெத்தா பாடினால் சப்பரமே நிற்கும். வாத்தியம் இல்லாமல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் ஒப்பாரி மாதிரியான ஒரு பாட்டு அது. வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கூட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மத்ருகாவில் 2000த்திலும் 2017லும் திடீர்ப் பீதி கிளம்பி மக்கள் தலைதெறிக்க ஓடியிருக்கிறார்கள். இப்போது போலீஸ் நெரிசலான தெருக்களைக் கணக்குப் பார்த்து மூடுகிறது. தெருமுனையில் நில்லுங்கள், தெருவின் நடுவயிற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதுகுப் பை வேண்டவே வேண்டாம், உங்களுக்கும் இடைஞ்சல், பின்னால் நிற்பவரின் மூக்குக்கும் இடைஞ்சல். மடக்கு நாற்காலியைத் தெருவில் விரித்து உட்காருகிறவர்களை உள்ளூர்க்காரர்களுக்கு அறவே பிடிக்காது. கம்பானா சதுக்கத்திலிருந்து சியெர்ப்பெஸ் தெரு வழியாகப் பேராலயம் வரை எல்லாச் சபையும் போகும் பொதுவழி ஒன்று இருக்கிறது. அங்கே போட்டிருக்கும் நாற்காலிகள் குடும்பம் குடும்பமாகச் சந்தா கட்டிப் பிடித்துவைத்தவை, மாணவருக்கு அங்கே வேலை இல்லை. சபை கிளம்பும் பேட்டையும், திரும்பி வரும் வழியும்தான் நமக்கு.

வீடு ஊர்வலப் பாதைக்குள் இருந்தால் உஷாராக இருங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பால் வாங்க இறங்கினேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான். ஒரு சபை குறுக்கே வந்தது, அது முடிவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று. பால் பாக்கெட்டோடு வீடு சேர்ந்தபோது மணி எட்டரை. குறுக்கே கடக்கவே கூடாது என்றில்லை. வரிசை நிற்கும்போது, இடைவெளி இருக்கும் இடத்தில், உள்ளூர்க்காரர் யாராவது கடந்தால் அவர் பின்னாலேயே விறுவிறுவென்று போய்விடலாம். சப்பரத்துக்கு நேர் முன்னால் மட்டும் போகாதீர்கள்.

மழை பெய்தால் எல்லாம் போச்சு. நானூறு வருட மரச்சிற்பத்தையும் தங்க நூல் வேலையையும் யாரும் நனைக்க மாட்டார்கள். சபை கூடிப் பேசும், அரை மணி தள்ளிப்போடும், பிறகு வேண்டாம் என்று அறிவிக்கும். வருடம் முழுக்கக் காத்திருந்தவர்கள் கோயிலுக்குள்ளேயே தேம்பி அழுவார்கள். 2024ல் அந்த வாரத்தின் பெரும்பகுதி அப்படித்தான் போனது, மத்ருகாவில் ஆறில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்தச் சபைக்கு எந்த நாளோ அன்று காலையில் அந்தக் கோயில் திறந்திருக்கும். சப்பரங்களைப் பூவும் மெழுகுமாகத் தயாராக நிறுத்தி வைத்திருப்பார்கள். காசு கிடையாது, தள்ளுமுள்ளும் குறைவு. சாயங்காலம் மழை வந்தாலும் காலையில் பார்த்தது மிச்சம்.

கிறிஸ்தவர் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். வாரம் முழுக்க என்னிடம் ஒருவரும் மதம் கேட்கவில்லை. ஞாயிறுகளில் கோயில் பக்கமே போகாத, கேட்டால் கடவுள் இல்லை என்று வாதாடுகிற நண்பன் ஒருவன் தாத்தா காலத்து அங்கியைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வெறுங்காலோடு நடந்தான். ஏன் என்று கேட்டதற்கு, தாத்தா நடந்தார், அப்பா நடந்தார் என்றான். அவ்வளவுதான் அவன் விளக்கம். நீங்கள் சிலுவைக் குறி போட வேண்டியதில்லை, போடுகிற மாதிரி நடிக்கவும் வேண்டாம். சப்பரம் பக்கத்தில் வரும்போது தொப்பியைக் கழற்றுங்கள், பேச்சை நிறுத்துங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். முகமூடியோடு தனியாக நடந்து போகிற ஒரு நசரேனோவைப் பார்த்தால் நிறுத்திப் படம் கேட்க வேண்டாம். வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து வீட்டுக்கும் யாரோடும் பேசாமல், மிகக் குறுகிய வழியாகப் போக வேண்டும் என்பது அவர்கள் விதி.

பசிக்கு தொர்ரிஹா சாப்பிடுங்கள், ரொட்டியை ஒயினிலோ பாலிலோ ஊறவைத்துப் பொரித்துத் தேனில் முக்கியது. குருத்து ஞாயிறு அன்று ஏதாவது ஒன்று புதிதாக உடுத்துங்கள், சாக்ஸ் ஆனாலும் சரி. அன்றைக்குப் புதுசு போடாதவருக்குக் கை போய்விடும் என்று அங்கே ஒரு பழமொழி.

காலணி மட்டும் பழசாக இருக்கட்டும். ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் ஒழுகிய தெருவில் புதன்கிழமை முதல் ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று சத்தம் வரும், சைக்கிள் வழுக்கும். வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா அந்த வாரம் முழுக்கக் கதவருகே பழைய செய்தித்தாளை விரித்தே வைத்திருந்தார். அப்படியும் ஜூன் மாதம் நான் வீட்டைக் காலி செய்யும்போது, கூடத்துத் தரையில் ஒட்டிய மெழுகை ஒரு பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.